"உங்களுக்கு எதற்கு சிரமம்?"

'சலுகை' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கல்யாண வீட்டில், "உங்களுக்கு எதற்கு மாமி சிரமம்? பேசாமல் உட்காருங்கள்" என்று உபசாரமாகச் சொல்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமியைக் கேட்டு ஒரு காரியமும் நடப்பதில்லை.

அமெரிக்காவில் ஃப்ளாரிடா ராஜ்யம் தன் பெண்களுக்குச் செய்த உபசாரமும் இப்படிப்பட்டதே. நம் நாட்டில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. அங்கே அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜூரியாக உட்காருவது குடிமக்களின் கடமை. சம்மன் வந்தால் போயாக வேண்டும். 1949 வரை ஃப்ளாரிடாவில் பெண்களுக்கு அதில் இடமே இல்லை. அந்த ஆண்டு வந்த சட்டம் இடம் கொடுத்தது; கூடவே ஒரு விலக்கும் கொடுத்தது. கோர்ட்டு குமாஸ்தாவிடம் தானாகவே போய்ப் பெயரைப் பதிவு செய்துகொண்ட பெண்ணை மட்டுமே ஜூரிக்கு அழைக்கலாம். வீடும் குழந்தைகளுமாக இருப்பவளை அலைக்கழிப்பானேன் என்ற கருணை!

டாம்பா நகரம் இருக்கும் ஹில்ஸ்பரோ ஜில்லாவில் பெண் வாக்காளர்கள் சுமார் 46,000 பேர். ஜூரிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 220 பேர். 10,000 பெயர் கொண்ட ஜூரி ஜாபிதாவில் இடம் பெற்ற பெண்களோ பத்தே பேர்.

1957-இல் அந்த ஊர்க் கோர்ட்டில் க்வெண்டலின் ஹாய்ட் என்ற பெண் கூண்டில் நின்றாள். பேஸ்பால் மட்டையால் கணவனை அடித்துக் கொன்றதாக வழக்கு. கணவன் துரோகம் செய்தான், சமாதானம் பேசப் போனவளை உதறித் தள்ளினான், அந்த நேரத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பது அவள் கட்சி. கேட்டவர்கள் ஆறு ஆண்கள். 25 நிமிஷத்தில் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். தண்டனை முப்பது வருஷம்.

பெண்கள் இருந்தால் அவளை விட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெண்ணுக்குப் பெண் எவ்வளவு கடுமையாக இருக்க முடியும் என்பது கதை எழுதுகிறவனுக்குத் தெரியாததா? ஆனால் ஒரு குடித்தனம் நொறுங்கிய கதையைக் கேட்டுவிட்டு, அவர்கள் 25 நிமிஷத்தில் எழுந்திருப்பார்களா?

வழக்கு வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1961-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அவள் முறையீட்டைத் தள்ளினார்கள்; விலக்கு நியாயமானதே என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. பெண் இன்னும் குடும்பத்தின் மையமாகக் கருதப்படுகிறவள் என்பது அதில் சொன்ன காரணம்.

இதே மாதிரியான லூயிஸியானா சட்டம் 1975-இல் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜூரியில் பெண்களே இல்லை என்று இம்முறை முறையிட்டவன் ஓர் ஆண். ஊரார் தீர்ப்பு என்றால் ஊரில் பாதியை விட்டுவிட முடியாது என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. பெண் கேட்டாலே விலக்குக் கொடுத்த மிஸௌரிச் சட்டமும் 1979-இல் போயிற்று. அதை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1993-இல் அதே கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்தவர்.

சிரமம் இல்லையென்று டாம்பாவில் வீட்டோடு இருந்துவிட்ட ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் தெரிந்திராது. கூண்டில் நின்ற ஒருத்திக்குத்தான் தெரிந்தது.