துணிப்பை ஏன் ஆணியிலேயே தொங்குகிறது?

உறையூர் பழங்காலந்தொட்டே பருத்தித் துணிக்குப் பெயர்போன ஊர். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வணிக நூல், 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அந்த உறையூரிலும் பிளாஸ்டிக் பை வந்ததும் துணிப்பை வழக்கொழியத் தொடங்கிற்று.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பிளாஸ்டிக்கின் தீமையை இன்று அறியாதவர் அரியர். ஆயினும் பை வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாமோ கடையில் வெறுங்கையோடு நிற்கிறோம்!

கருத்து ஒன்று, செயல் வேறொன்று. இந்த முரண்பாட்டை ஆய்வாளர் ஒருவர் கண்டது முற்றிலும் வேறோர் இடத்தில். லாப்பியர் என்ற அமெரிக்க அறிஞர், சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த 1930-களின் தொடக்கத்தில், ஒரு சீனத் தம்பதியருடன் நாடெங்கும் பயணம் செய்தார். அவர்கள் நுழைந்த 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் மறுத்தது. பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, 'சீனரை ஏற்பீர்களா?' என்று கேட்டார். பதில் எழுதியோரில் 100-க்கு 90 பேருக்கு மேல் 'மாட்டோம்' என்றனர்! ஆய்வு 1934-இல் வெளிவந்தது. கேட்டறிந்த கருத்தைக் கொண்டு செயலைக் கணிக்க இயலாது என்பது புலனாயிற்று.

அப்படியானால் எதைக்கொண்டு கணிப்பது? ஃபிஷ்பைன், அய்சென் என்ற இருவர் 1975-இல் ஒரு விளக்கம் தந்தனர். கருத்து நேரே செயலாவதில்லை. இடையில் நோக்கம் பிறக்கவேண்டும். அது பிறக்க, 'நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் இதை எதிர்பார்க்கிறார்கள்' என்ற நினைப்பும் தேவை. 1985-இல் அய்சென் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: 'இது என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை. அலுவலகத்திலிருந்து அப்படியே சந்தைக்குப் போகிறவரிடம் பை எப்படி இருக்கும்? சென்னைக் கோயம்பேட்டில் 2022-இல் 10 ரூபாய்க்கு மஞ்சள் பை தரும் எந்திரம் வைக்கப்பட்டது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

பிறர் செயலுக்கு உள்ள வலிமையை அமெரிக்க விடுதி ஒன்றில் அளந்தே பார்த்தார்கள். 'சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டை மறுமுறையும் பயன்படுத்துங்கள்' என்ற அட்டையைக் கண்டு இணங்கியோர் 100-க்கு 35 பேர். 'விருந்தினரில் பெரும்பாலோர் அவ்வாறே செய்கிறார்கள்' என்ற அட்டைக்கு 44 பேர். கோல்ட்ஸ்டைன், சியால்டினி முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இது.

'இந்தக் காலத்தில் யார் சார் பை கொண்டு வருகிறார்கள்?' என்று கடைக்காரரும் நாமும் அலுத்துக்கொள்கிறோமே, அதுவும் ஒருவகையில் இந்த இரண்டாவது அட்டைதான்; தலைகீழாக எழுதியது.