சவேரியார்: ஒரு பெயரின் வரலாறு

சவேரியார் என்ற பெயரைக் கேட்டதும் குமரி மாவட்டத்தவருக்கு நினைவில் எழுவது கோட்டாறு பேராலயமும் டிசம்பர் 3-இல் வரும் திருவிழாவும்தான். பலரும் இதை அப்புனிதரின் இயற்பெயர் என்றே எண்ணுகின்றனர். அவருடைய இயற்பெயர் பிரான்சிஸ்கோ. சவேரியார் என்பது அவர் பிறந்த இடத்தின் பெயர்.

தோற்றம்

பிரான்சிஸ் சவேரியார் 1506 ஏப்ரல் 7 அன்று, அப்போது தனி அரசாக இருந்த நவாரில் ஒரு கோட்டையில் பிறந்தார். நவார் இன்று ஸ்பெயினின் வடபகுதி. கோட்டை தாய்வழிச் சொத்து. அதன் பெயரே அவருக்கு நிலைத்தது. அப்பெயர் பாஸ்கு மொழிக்குரியது: 'எட்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிய. பாஸ்கு மொழி இலத்தீன் குடும்பத்தையோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையோ சேர்ந்ததன்று. எனவே இலத்தீன் வழி மொழிகளைப் பேசிய அண்டை மக்களுக்குப் பொருள் விளங்கவில்லை. ஒலி மட்டும் தேய்ந்து 'ஷவியேர்' என நின்றது. இப்பெயர் அரபுச் சொல் என்றும் 'ஒளிமிக்கவன்' எனப் பொருள்படும் என்றும் சில பெயர் அகராதிகள் கூறுவதற்கு ஆதாரமில்லை.

ஐரோப்பிய வடிவங்கள்

- போர்த்துக்கேயம்: ஷவியேர். பழைய 'ஷ' ஒலி இன்றும் உள்ளது.
- ஸ்பானியம்: ஹவியேர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் 'ஷ' ஒலி தொண்டை ஒலியாக மாறியது.
- இத்தாலியம்: சவேரியோ.
- ஜெர்மன்: க்ஸாவர்.
- ஆங்கிலம்: சேவியர்.

எட்செவெரியா, எட்செவெரி முதலிய குடும்பப்பெயர்களும் இதே வேரிலிருந்து வந்தவை. 1622-இல் பிரான்சிஸ் சவேரியார் புனிதராக அறிவிக்கப்பட்ட பின், கத்தோலிக்க நாடுகளில் இந்த இடப்பெயர் குழந்தைகளுக்கு இடும் பெயராயிற்று.

தமிழில்

சவேரியார் 1542-இல் கோவா வந்து, பின்னர் முத்துக்குளித்துறையிலும் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையிலும் பணியாற்றினார். அவர் பெயர் அந்தோணியார், செபஸ்தியார் போல மரியாதை விகுதி பெற்றது. சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் எனத் தமிழ்ச் சொற்களோடும் சேர்ந்தது. 'சேவியர்' ஆங்கில வழி வந்த பிற்கால வடிவம்.

இவ்வாறு வீட்டுப்பெயர் ஊர்ப்பெயராகி, ஊர்ப்பெயர் ஆட்பெயராகி, பொருள் மறைந்தது. ஆனால் அப்பொருள் குமரி மாவட்டத்திற்கு அந்நியமன்று. 'புத்தன்வீடு' இங்கு இன்றும் வழங்கும் வீட்டுப்பெயர். ஹெப்சிபா ஜேசுதாசனின் 1964-ஆம் ஆண்டு நாவலும் 'புத்தம் வீடு' என்றே பெயர் பெற்றது. புத்தன்வீட்டுச் சவரிமுத்து என்று ஒருவர் இருந்தால், அவர் பெயரில் 'புதுவீடு' இருமுறை வருகிறது: ஒருமுறை தமிழில், ஒருமுறை பாஸ்கு மொழியில்.