மருந்துத் தானமும் மருந்துப் பட்டியலும்

பசித்தோர்க்கு உணவு, பிணியுற்றோர்க்கு மருந்து, அஞ்சினோர்க்கு அபயம், அறிவை நாடுவோர்க்குச் சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களையும் சமண இல்லறத்தார் தம் கடமையாகக் கொண்டொழுகி வந்துள்ளனர். கர்நாடகத்துச் சமணக் கல்வெட்டுகள் பல, இந்நான்கையும் வழங்குவதில் மகிழ்பவர் என்றே கொடையாளரைச் சிறப்பிக்கின்றன. இவற்றுள் ஔஷத தானம் தனித்தன்மை உடையது. உணவு நல்லதா, கெட்டதா என்பதை உண்பவரே அறிவார். மருந்தின் தரத்தைப் பெறுபவரால் அறிய இயலாது. எம்மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் பிறரே முடிவு செய்கின்றனர். ஆதலின் மருந்து எளியோர்க்கும் சென்று சேர, ஈகை மனத்தோடு ஓர் ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்கு உருவான வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

திருமுக்கூடல் ஆதுலசாலை

காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அக்கல்வெட்டில் முறையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

இன்னின்ன மருந்து எப்போதும் இருப்பில் இருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்த அத்திட்டம் வியத்தற்குரியது. எனினும் அது கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியதாக இருந்தது. கொடையின் எல்லை அவ்வளாகத்தின் எல்லையோடு நின்றது. பட்டியலைக் காத்துக்கொண்டே அவ்வெல்லையை நாடு முழுவதற்கும் விரிப்பது எப்படி என்னும் வினாவிற்கு 20-ஆம் நூற்றாண்டில்தான் விடை பிறந்தது.

இலங்கை காட்டிய வழி

அவ்விடையை முதலில் செயலிற் காட்டியவர்களுள் ஒருவர் இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில், பல விலைகளில் இறக்குமதியாகி, நாட்டின் அந்நியச் செலாவணியைக் கரைப்பதை அவர் கண்டார். 1971-இல் மருத்துவரும் அரசியல் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையின் விளைவாக அரசு மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. சந்தையில் இருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஆராயப்பட்டு 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களுக்கு மாறாக மருந்தின் மூலப் பெயரே முதன்மை பெற்றது. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிகள் கோரி மொத்தமாக வாங்கியமையால் பல மருந்துகளின் விலை பன்மடங்கு இறங்கியது.

பெருநிறுவனங்களின் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. 1977-இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்திற்குப் பின் அத்திட்டத்தின் பெரும்பகுதி தளர்ந்தது. அவ்வாண்டிலேயே பிபிலே, பிற நாடுகளுக்கு மருந்துக் கொள்கை வகுக்கும் பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977-இல்தான். அதில் இடம்பெற்றவை ஏறத்தாழ 200 மருந்துகளே. மறு ஆண்டு நடைபெற்ற அல்மா ஆட்டா மாநாடு, இன்றியமையா மருந்துகளை வழங்குவதை அடிப்படை நலவாழ்வின் கூறுகளுள் ஒன்றாக அறிவித்தது.

தமிழ்நாட்டின் முயற்சி

தமிழ்நாட்டில் இக்கருத்து நிறைவான வடிவம் பெற்றது 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் ஆகும். அதற்கு முன் கொள்முதல் பல கைகளிற் சிதறிக் கிடந்தது. தட்டுப்பாடும் தாமதமும் தொடர்ந்தன. புதிய கழகம் இன்றியமையா மருந்துகளைத் தேர்ந்து, மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியின் மூலம் உற்பத்தியாளரிடமிருந்தே நேரடியாக வாங்கியது. மாவட்டந்தோறும் கிடங்குகள் எழுந்தன. அவற்றின் இருப்பைக் கணினி காட்டியது. ஒவ்வொரு தொகுதி மருந்தின் மாதிரியும், தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. தேறிய மருந்தே மருத்துவமனையை அடைந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனிக் கணக்குப் புத்தகம் வழங்கப்பட்டது. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள், தன் ஊரில் மிகுந்துள்ள நோய்க்கேற்ற மருந்தை ஆரம்ப சுகாதார நிலையமும் கேட்டுப் பெற இயன்றது.

இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. தேவையானதைத் தேர்தல், ஒன்றாக வாங்குதல், சோதித்தல், கணக்கு வைத்தல் என்பனவே அவை. ஆயினும் நகரத்துப் பெருமருத்துவமனையில் கிடைக்கும் அதே தரமுள்ள மாத்திரை சிற்றூரிலும் விலையின்றிக் கிடைக்க இவையே வழி வகுத்தன. பின்னர்க் கேரளம், இராசத்தான் முதலிய மாநிலங்களும் இவ்வகைக் கழகங்களை அமைத்துக்கொண்டன. 2011 அக்டோபர் 2 அன்று இராசத்தான் தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது.

கொடையாளர்க்கு ஒரு நெறி

தேவைக்கு ஓர் அளவை வகுத்து அதனுள் நிற்பதை மிகுபொருள் விரும்பாமை எனச் சமணம் போற்றும். மருந்துப் பட்டியலின் வரலாறும் அதற்கு அணுக்கமானதொரு பாடத்தையே தருகிறது. பட்டியலைச் சுருக்கியதனாலேயே பயன் விரிந்தது. பெயர்கள் குறைந்தபோது விலை குறைந்தது. விலை குறைந்தபோது பெறுவோர் பெருகினர்.

அரசு அமைப்புகள் வளர்ந்த பின்னும் தனியார் கடையில் மருந்து வாங்க இயலாது தவிக்கும் குடும்பங்கள் பல உள்ளன. ஆதலின் அறநிலையங்களின் மருந்துத் தானத்திற்கு இன்றும் இடமுண்டு. அதற்கும் நெறி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1996-இல் வெளியிட்ட மருந்துக் கொடை வழிகாட்டுதல்கள், பெறுவோர் கேட்டதையே தருதல், அவர்தம் பட்டியலில் உள்ளதையே தருதல், காலாவதிக்குப் போதிய காலம் உள்ளதையே தருதல் என வலியுறுத்துகின்றன. வீட்டில் எஞ்சிய மாத்திரைகளைத் திரட்டிக் கொடுப்பது அந்நெறிக்குப் புறம்பானது. மருத்துவ முகாம் நடத்துவோர், அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை முன்னரே கலந்து, அங்கு எது குறைகிறது எனக் கேட்டறிந்து, அதனை மூலப் பெயரில் வாங்கி அளிப்பாராயின், அதே பொருளில் மேலும் பலர் பயன் பெறுவர். நாள்தோறும் மருந்துண்ண வேண்டிய நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளர்க்கு ஒருநாள் முகாமிற் கிடைக்கும் மாத்திரை போதாது. அடுத்த மாதமும் அம்மருந்து கிடைக்க வழி செய்வதே ஔஷத தானத்தை நிறைவுறச் செய்யும்.