அஞ்சுதெங்குக் கயிறும் கறுத்த சேறும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடினங்குளம், அஞ்சுதெங்கு காயல்களில் தேங்காய் மட்டை ஊறிய இடங்களின் சேறு கறுப்பு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். கயிற்றுத் தொழிலாளர்கள் காயலைக் கெடுத்தார்கள் என்று இதைக் காட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழி நியாயமற்றது. ஆற்றிங்கல் ராணியின் அனுமதி பெற்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கம்பெனி அஞ்சுதெங்கில் கோட்டை கட்டியது மிளகுக்காக. உலகச் சந்தையில் அந்த ஊரின் பெயர் நிலைத்ததோ கயிற்றினால். ‘அஞ்செங்கோ’ இன்றும் ஒரு கயிற்று ரகம். அந்தப் பெயரில் சேற்றுக்கும் பங்குண்டு. உப்புநீரில் மாதக்கணக்கில் அமிழ்ந்த மட்டையில் நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினை பாக்டீரியாக்கள் கரைக்கின்றன. பெண்கள் அடித்துப் பிரித்தால் பொன்னிற நார் கிடைக்கும். மட்டையிலிருந்து கசியும் கரிமப்பொருள் மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் கடல்நீரின் சல்ஃபேட்டைச் சுவாசிக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் இருப்பதால் அதற்குப் பஞ்சமில்லை. வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. மீனுக்கு நஞ்சான அதையே உணவாக்கிக் கொள்பவை கந்தக பாக்டீரியாக்கள். வெளிச்சமின்றி, கந்தகத்தை ஆக்சிஜனேற்றியே உயிர் வாழலாம் என்பதை 1887இல் வினோகிராட்ஸ்கி கண்டறிந்தது இவற்றில்தான். கடலோரச் சேற்றின் நஞ்சை மேலே ஏறவிடாமல் தடுக்கும் காவல் இவை.

அப்படியானால் காயல் ஏன் கெட்டது என்று கேட்கலாம். இந்தக் காவலுக்கு ஓர் அளவு உண்டு. கந்தக பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு சல்ஃபைடும் ஆக்சிஜனும் சேர்ந்தே வேண்டும். இரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையில்தான் அவை பிழைக்கும். 1859இல் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிற்றுப்பாய் ஆலை தொடங்கியபின் கேரளக் கயிறு பெரும் ஏற்றுமதிச் சரக்கானது, மட்டை குவிந்தது. கடினங்குளம் காயலின் பெருமாதுறைக் கழிமுகமோ அக்காலத்தில் மணல்திட்டால் அடைபட்டுத் திறக்கும் முகமாக இருந்தது. புதுநீர் வராத மாதங்களில் அந்த எல்லை சேற்றைவிட்டு நீருக்குள்ளேயே ஏறிவிட்டது. 1970களில் அப்துல் அசீஸும் பாலகிருஷ்ணன் நாயரும் ஊறல் பகுதிகளை ஆராய்ந்து எழுதியது இதைத்தான்: சல்ஃபைடு மிகுந்து, ஆக்சிஜன் குன்றி, உயிரினங்கள் அருகிய நீர்.

பச்சை மட்டையை இயந்திரத்தில் அடித்தால் தொல்லை தீருமே என்பார்கள். ஊறிய நாரின் மென்மையும் நிறமும் அதில் வருவதில்லை. மட்டையடித்த பெண்களின் கூலியும் போகிறது. ஏற்கெனவே படிந்த கரிமச் சேறும் அப்படியே கிடக்கிறது. கேடு வந்தது அளவு மீறியதாலும் நீர் அடைபட்டதாலும். நீரோட்டம் உள்ள இடங்களைத் தேர்ந்து, அந்த நீர் தாங்கும் அளவுக்கு மட்டும் மட்டை ஊறவைக்க அரசு இடமளிக்க வேண்டும்.