திருடன்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பாத்திர வகை

திருடன் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை ஆட்டத்தில் ஆட்டக்காரர் ஏற்று நடத்தக்கூடிய பாத்திர வகைகளுள் ஒன்று. பூட்டுத் திறப்பது, பொறிகளைக் கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்வது, ஓசையின்றி நடப்பது, நிழலில் மறைவது, சுவர் ஏறுவது, பிறர் மடியில் கைவைப்பது, பின்னாலிருந்து தாக்குவது ஆகியவை இவனுடைய தொழில். 1974இல் வெளிவந்த முதல் விதிநூல்களில் இவன் இல்லை; அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில்தான் சேர்ந்தான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த வகைக்கு ‘ரோக்’ என்று பெயர். 2014 பதிப்பிலும் 2024 திருத்தத்திலும் திருடன் அந்த ரோக்கின் உட்பிரிவுகளில் ஒருவன்.

இந்த வகை ஆட்டத்தில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். இடத்தையும் எதிரிகளையும் அவர் சொற்களால் விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். அதே பாத்திரங்களோடு வாரக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில், கதை நீண்டால் அதற்குக் கேம்பெயின் என்று பெயர். அனுபவப் புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரம் நிலை நிலையாக உயரும்.

தோற்றம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய மூல ஆட்டத்தில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகைகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா ஊரில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் அதை வெளியிட்டது. திருடன் பிறந்தது அங்கல்ல, கலிபோர்னியாவில். சாண்டா மோனிகா நகரின் ஏரோ ஹாபீஸ் என்ற கடையைச் சுற்றி ஆடிவந்த ஒரு குழு, பூட்டுத் திறப்பதையே தொழிலாகக் கொண்ட பாத்திரம் ஒன்றைத் தானே உண்டாக்கியது. கடைக்காரர் கேரி ஸ்விட்சர் அதைத் தொலைபேசியில் கைகாக்ஸிடம் சொன்னார். கைகாக்ஸ் தம் பாணியில் விதிகள் எழுதி 1974லேயே ஒரு சிற்றிதழில் வெளியிட்டார். பிறகு ராப் குன்ட்ஸுடன் சேர்ந்து எழுதிய கிரேஹாக் நூலில் அவ்விதிகள் நிலைபெற்றன.

பாத்திரத்தின் குணம் கதைப் புத்தகங்களிலிருந்து வந்தது. ஃபிரிட்ஸ் லைபர் 1939 முதல் எழுதிவந்த கதைகளின் நாயகன் கிரே மௌசர், ஜாக் வான்ஸின் தந்திரசாலி கூகெல், ரோஜர் ஜெலாஸ்னியின் ‘ஜாக் ஆஃப் ஷேடோஸ்’ நாவலில் நிழலில் சக்தி பெறும் திருடன், இம்மூவரும் நேரடி முன்னோர்கள். டோல்கீனின் ‘த ஹாபிட்’ நாவலில் பில்போவைக் குள்ளர்கள் கூலிக்கு அமர்த்துவது கன்னமிடுபவன் என்ற பெயரில்தான். மௌசர் இளமையில் மந்திரவாதி ஒருவரிடம் சீடனாக இருந்தவன். உயர்நிலைத் திருடன் மந்திரச் சுருளைத் தட்டுத்தடுமாறியேனும் படித்துப் பயன்படுத்தலாம் என்ற விதியைப் பார்த்தால் அவன்தான் நினைவுக்கு வருகிறான். விதிநூல்கள் பேசும் திருடர் சங்கமும் லைபரின் லங்க்மர் நகரத்தில் இருந்ததே.

சதவீதங்களின் கணக்கு

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிநூல் முதல்நிலைத் திருடனுக்குத் தரும் எண்களைப் பார்த்தால் புதிதாக ஆடவருபவருக்குச் சிரிப்பு வரும். பூட்டுத் திறக்க 15 சதவீதம். பொறி கண்டுபிடிக்க 10. நிழலில் மறைய 10. ஓசையின்றி நடக்கவும் மடியில் கைவைக்கவும் 20. சுவர் ஏற மட்டும் 87. ஒரு பூட்டில் தோற்றால் அடுத்த நிலைக்கு உயரும்வரை அந்தப் பூட்டை மறுபடி தொட முடியாது. பொறியைக் கண்டுபிடிப்பது ஒரு சோதனை, செயலிழக்கச் செய்வது அதே 10 சதவீதத்தில் இன்னொன்று. இரண்டிலும் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். அதே நூலின் வேறொரு பக்கத்தில், சரியான இடத்தில் தேடும் எவருக்கும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் இரும்புக் கவசம் பூண்ட போர்வீரன் பொறி தேடுவதில் தொழில்முறைத் திருடனைவிடக் கெட்டிக்காரன் ஆகிறான். திருடனுக்கு உரியது பெட்டிகளிலும் பூட்டுகளிலும் உள்ள நுண்ணிய பொறிகள், ஆறில் ஒன்று என்பது தரையிலும் சுவரிலும் உள்ள பெரிய பொறிகள் என்று பின்வந்தவர்கள் பிரித்துப் படித்துச் சமாளித்தார்கள். சமாளிப்பு நியாயமானதுதான், ஆனால் நூலில் அது தெளிவாக இல்லை.

உடலும் வலுவற்றது. உயிர்ப்புள்ளிகளுக்கு நான்குமுகப் பகடை ஒன்று, தோல் கவசம் மட்டும், கேடயம் கிடையாது. ஈடாகக் கிடைப்பது இரண்டு. எதிரி அறியாமல் பின்னாலிருந்து குத்தினால் தாக்குதல் பகடைக்கு +4, சேதம் இரு மடங்கு. அடுத்தது வேகமான வளர்ச்சி. இரண்டாம் நிலைக்கு உயரப் போர்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகளும் மந்திரவாதிக்கு 2,500 புள்ளிகளும் வேண்டும். திருடனுக்கு 1,200 போதும்.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் திருடனின் உண்மையான மதிப்பு இருந்தது. பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஓர் ஆர்க் அரக்கனைக் கொன்றால் குழு முழுவதற்கும் சேர்த்துப் பத்தே புள்ளி. 500 பொற்காசு உள்ள பெட்டியை ஓசையில்லாமல் தூக்கிவந்தால் ஐம்பது ஆர்க்குகளைக் கொன்றதற்குச் சமம், அதுவும் ஒருவரும் சாகாமல். சண்டையைத் தவிர்த்துப் பொருளை எடுப்பவனே அந்த ஆட்டத்தின் பொருளாதாரத்துக்குப் பொருத்தமானவன். எண்களில் இவ்வளவு பலவீனமான ஒருவனை ஆட்டக்காரர்கள் விரும்பி எடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தப் பேசிக் நூலுக்கு முன்பே, 1978இல் வந்த அட்வான்ஸ்ட் விதிநூலில் நிலைமை சற்று மேலாக இருந்தது. அதில் உயிர்ப்பகடை ஆறுமுகம். பொறிக்கு 20, பூட்டுக்கு 25 சதவீதம் கிடைத்தன. பின்குத்தின் சேதம் நிலைக்கேற்ப ஐந்து மடங்குவரை பெருகியது. மற்ற வகைகளில் நிலை வரம்பு கொண்ட குள்ளர், எல்ஃப் போன்ற இனங்கள் திருடனாக மட்டும் வரம்பின்றி வளரலாம் என்று அந்நூல் விட்டுவைத்ததால், போர்வீரன்-திருடன் கலப்புப் பாத்திரங்கள் பெருகின.

எல்லோரும் செய்தது ஒருவனின் தொழிலானது

திருடன் வந்ததால் ஆட்டம் கெட்டது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் வாதம் எளிது. 1974இல் எவர் வேண்டுமானாலும் பத்தடிக் கம்பால் தரையைத் தட்டிப் பார்க்கலாம், பூட்டைக் கோடரியால் உடைக்கலாம், காவலன் திரும்பும் நேரம் பார்த்துத் தூண் மறைவில் பதுங்கலாம். என்ன செய்கிறோம் என்று ஆட்டக்காரர் விளக்கிச் சொல்வார். நடக்குமா என்பதை மாஸ்டர் தீர்மானிப்பார். மறைவதற்கு ஒருவனிடம் சதவீதம் எழுதப்பட்டவுடனே மற்றவர்களுக்கு மறையத் தெரியாது என்று பொருளாகிவிட்டது. சிந்தித்துச் செய்யவேண்டியதைப் பகடை எடுத்துக்கொண்டது.

இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது, அதுவே வலுவானது. எவரும் மறையலாம், ஆனால் மறைய ஏதாவது வேண்டும். திருடனோ வெறும் நிழலிலேயே மறைவான். எவரும் கயிறும் கொக்கியும் கொண்டு ஏறலாம். திருடன் வழுவழுப்பான சுவரில் கைவிரல் கொண்டு ஏறுவான். இப்படிப் படித்தால் அந்த 10 சதவீதம் இயல்பான வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு கிடைக்கும் கடைசி வாய்ப்பு. பழைய விதிகளை மீட்டெடுத்து ஆடும் குழுக்கள் பல இந்தப் பொருளையே கொள்கின்றன.

மோல்ட்வே நூலில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓசையின்றி நடப்பதற்கும் மறைவதற்கும் பகடையை மாஸ்டரே மறைவில் உருட்ட வேண்டும். திருடன் எப்போதும் தான் வென்றுவிட்டதாகவே நினைத்துக்கொள்வான். இந்த ஒரு விதி தரும் பதற்றத்தை, பின்னால் வந்த பதிப்புகளின் பளபளப்பான திறன்கள் ஈடுசெய்யவில்லை என்றே தோன்றுகிறது.

பின்வந்த பதிப்புகள்

1989இன் இரண்டாம் பதிப்பு சதவீதங்களை ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்தது. தொடக்கத்தில் 60 புள்ளிகளும் ஒவ்வொரு நிலையிலும் 30 புள்ளிகளும் விருப்பப்படி பங்கிடலாம். ஒருவர் சுவரேறியாகவும் மற்றொருவர் ஜேப்படிக்காரராகவும் வேறுபட முடிந்தது இதனால்தான். 1997இல் டிஎஸ்ஆரை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. சதவீத அட்டவணை போய், எல்லா வகைகளுக்கும் பொதுவான இருபதுமுகப் பகடைத் திறன்முறை வந்தது. கடினமான பொறிகளைக் கண்டுபிடிப்பது மட்டும் ரோக்கின் தனியுரிமையாக நீடித்தது. பின்குத்து, நிலைக்கு ஏற்ப ஆறுமுகப் பகடைகள் கூடிக்கொண்டே போகும் மறைதாக்குதலாயிற்று. நடைப்பிணங்களுக்கும் உயிரற்ற காவற்சிலைகளுக்கும் அது பலிக்காது. கல்லறைக்குள் நடக்கும் கதையில் ரோக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இதற்குள் பொற்காசுக்குப் புள்ளி என்ற பழைய கணக்கும் கைவிடப்பட்டிருந்தது. எதிரியை வெல்வதற்கே புள்ளி. திருடன் சண்டைக்காரனாக மாறியதற்கு இதுவே அடிப்படை. 2008இன் நான்காம் பதிப்பு அவனை வெளிப்படையாகவே அதிகச் சேதம் விளைவிப்போர் வரிசையில் வைத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் கூட்டாளி ஒருவர் எதிரிக்கு ஐந்தடிக்குள் நின்றாலே மறைதாக்குதல் கிட்டும். நிழலும் வேண்டாம், பின்புறமும் வேண்டாம். தேர்ந்தெடுத்த திறன்களில் தேர்ச்சி இரட்டிப்பாகிறது. ஒரே சுற்றில் தாக்கிவிட்டு ஓடவோ ஒளியவோ முடிகிறது. மூன்றாம் நிலையில் திருடன் உட்பிரிவைத் தேர்ந்தால் வேகக்கையும் சுவரேறும் பழக்கமும் சேரும்.

மேசையில் திருடனை நடத்துவது

எந்தப் பதிப்பானாலும் திருடனை நன்றாக ஆடுபவரை அடையாளம் காட்டுவது அவர் கேட்கும் கேள்விகள். “நான் ஒளிந்துகொள்கிறேன், பகடை போடட்டுமா?” என்பவருக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. “விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது? காவலன் உட்கார்ந்திருக்கிறானா, நடக்கிறானா? கதவின் கீல் உள்பக்கமா வெளிப்பக்கமா?” என்று கேட்பவர் பகடைக்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார். பதில்களைக் கேட்ட பிறகு அவர் பூட்டைத் தொடாமல் கீலைக் கழற்றலாம். அதற்குச் சதவீதம் எதுவும் தேவையில்லை.

வெளிச்சம் அடிக்கடி மறக்கப்படும் விஷயம். தீப்பந்தம் ஏந்திய குழு தொலைவிலிருந்தே தெரியும். மனிதத் திருடன் முன்னால் வேவு பார்க்கப் போனால் இருட்டில் அவனுக்குக் கண் தெரியாது. பந்தம் எடுத்துப் போனால் மறைய முடியாது. இருட்டில் பார்க்கும் ஆற்றலுள்ள இனத்தைத் தேர்வது ஒரு வழி. குழுவின் வெளிச்ச எல்லையை ஒட்டி, அதற்குச் சற்று வெளியே நடப்பது இன்னொரு வழி. தனித்துப் போனாலும் பத்து நிமிடத்துக்கு மேல் மேசையை ஒருவரே எடுத்துக்கொள்ளக் கூடாது; மற்றவர்கள் அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தாம் பதிப்பின் குழுச்சோதனை இதற்கு உதவும்: குழுவில் பாதிப்பேர் தேறினால் எல்லோரும் தேறியதாகக் கணக்கு. கவசம் கலகலக்கும் போர்வீரனையும் கூடவே கூட்டிப்போகலாம்.

திருடனை ஆடுபவர்கள் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கூட்டாளியின் பையில் கைவைப்பது. “என் பாத்திரம் அப்படித்தான் செய்வான்” என்பது வழக்கமான சாக்கு. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ நாவல்களில் டாஸல்ஹாஃப் என்ற கெண்டர் இனத்தவன் கண்ணில் பட்டதையெல்லாம் களங்கமின்றிப் பையில் போட்டுக்கொள்வான். நாவலில் அது ரசிக்கும்படி இருந்தது. அதைப் பார்த்து மேசையில் கெண்டர் ஆடியவர்கள் பல குழுக்களின் பொறுமையைச் சோதித்தார்கள், இன்றும் சில மாஸ்டர்கள் கெண்டரை அனுமதிப்பதில்லை. எழுத்தாளரின் பாத்திரங்கள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகமாட்டார்கள், ஆட்டக்காரர்கள் போவார்கள். தமக்குள் திருட்டு உண்டா இல்லையா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. திருடனுக்கு வெளியே ஒரு சங்கம், தீராத கடன், பழைய கூட்டாளி என்று ஏதாவது இருந்தால் அவன் கைவரிசையைக் காட்ட ஊரே இருக்கிறது. பழைய பேசிக் வரிசையின் எக்ஸ்பர்ட் நூல், ஒன்பதாம் நிலைத் திருடன் சொந்தமாக மறைவிடம் கட்டினால் சீடர்கள் தேடிவருவார்கள் என்று இதற்கு விதியே வைத்திருந்தது.

பிற ஆட்டங்கள்

எல்லா ஆட்டக்காரர்களையும் திருடர்களாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ விடை தருகிறது. 2017இல் நூலாக வந்த இவ்வாட்டம் டோஸ்க்வோல் என்ற இருண்ட நகரத்தில் நடக்கிறது. ஆட்டக்காரர்கள் ஒரே கும்பல். மணிக்கணக்கில் திட்டம் போடும் வழக்கத்தை இது வெட்டிவிட்டது. கொள்ளை நேராகத் தொடங்கிவிடும். நடுவில் காவலன் எதிர்ப்பட்டால், “நேற்றே இவனுக்குப் பணம் கொடுத்துவிட்டேன்” என்று ஒருவர் பின்னோக்கிச் சொல்லலாம். எந்தக் கருவியை எடுத்துவந்தோம் என்பதையும் தேவைப்படும் நொடியில் முடிவு செய்யலாம், சுமை அளவுக்குள் இருக்கும்வரை. முன்னேற்பாடு எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவு மன அழுத்தப் புள்ளிகள் செலவாகும். அப்புள்ளிகளைக் குறிக்கும் ஒன்பது கட்டங்களும் நிரம்பினால் பாத்திரத்துக்கு ஒரு நிலையான மனவடு சேரும். நான்காவது வடு விழுந்தால் தொழிலை விட்டே விலக வேண்டும்.