வேங்கடத்தடியில் எல்லைக் கோடும் வாக்குச் சீட்டும்

தமிழகத்தின் வட எல்லை யாது எனப் பள்ளிச் சிறுவனை வினவினும் வேங்கடம் என்னும் விடை தயங்காது வரும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் கூறிற்று. சிலம்பும் அவ்வாறே கொண்டது. இதனை மேடைதோறும் முழங்கி மகிழும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். புலவர் கூறிய எல்லை மொழி வழங்கும் எல்லை. அஃது எவரிடமும் வரி கேட்பதில்லை. எவரையும் வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. அரசு இடும் எல்லைக் கோடோ வேறு இயல்பினது. தெருவிளக்கு எரியாவிடில் யாரிடம் முறையிடுவது, வீட்டு வரியை எங்குச் செலுத்துவது, எந்தப் பேரவைக்கு ஆள் அனுப்புவது என்பனவற்றை எல்லாம் அக்கோடே முடிவு செய்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இக்கோடு எத்தனை முறை இடம் பெயர்ந்தது, பெயர்ந்தபோதெல்லாம் குடிகளின் வாக்கு எப்பொழுது வந்து சேர்ந்தது என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

ஊரவை என்பது இம்மண்ணுக்குப் புதியதன்று. திருமலையிலும் அதன் அடிவாரத்திலும் கிடைத்துள்ள கல்வெட்டுகளுட் பெரும்பாலன தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றுட் பழையன திருவேங்கடக் கோட்டத்துத் திருச்சுகனூர்ச் சபையைக் குறிக்கின்றன. இன்று திருச்சானூர் என வழங்கும் ஊரே அது. கோயிலுக்கு வந்த பொன்னையும் நிலத்தையும் ஏற்று, அறம் தவறாமல் நடத்தும் பொறுப்பு அச்சபையார்பால் இருந்தது. அதே தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையை விரித்துரைக்கின்றன. நிலமும் மனையும் உடையார்க்கே அங்கு இடம் உண்டு என்பதை மறைத்துப் பெருமை பேசுதல் நேர்மையன்று. எனினும் அம்முறையில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஓலையில்லாத குடும்பு என ஒன்று இருத்தற்கு அதில் இடமில்லை. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ரிப்பன் பெருமகனார் 1882இல் வெளியிட்ட தீர்மானமும், அதனைத் தொடர்ந்து 1884இல் வந்த சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டமும் ஊராட்சிக்குப் புதுவடிவம் தந்தன. திருப்பதி நகராண்மைக் கழகம் 1886 ஏப்ரல் முதல் நாளில் தோன்றிற்று. மலைமேல் இருந்த கோயில் அப்போது ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் பொறுப்பில் இருந்தது. மலையடி ஊரின் குப்பையும் குடிநீரும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பாயின. வாக்குரிமையோ வரி செலுத்தும் சிலர்க்கே உரியதாயிருந்தது.

இனி 1911. அதுகாறும் சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காட்டின் வடபாலுள்ள வட்டங்களையும் கடப்பை மாவட்டத்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் ஒன்றுகூட்டிச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகராயிற்று. சித்தூர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாவட்டந்தான் அதனை விட்டு நகர்ந்தது. சித்தூர் நகராண்மைக் கழகம் இதன்பின் 1917இல் ஏற்பட்டது. ஆட்சி வசதிக்காக நிகழ்ந்த இம்மாற்றத்தை அன்று பெரிதாக எண்ணினோர் சிலரே. இரு மாவட்டங்களும் ஒரே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை அல்லவா! அலுவலர் மேசைமேல் இட்ட அக்கோடே நாற்பத்திரண்டு ஆண்டுகட்குப்பின் இரு மாநிலங்களைப் பிரிக்கும் கோடாகும் என எவர் கண்டார்?

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுமையும் அதன்பாற் சென்றது. திருத்தணியும் உடன் சென்றது. ம. பொ. சிவஞானம் அவர்கள் நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட்டிலேயே திருப்பதிக்குச் சென்று வடவெல்லைக் குரலை எழுப்பியவர். அவரது தமிழரசுக் கழகமும், தமிழறிஞர் மங்கலங்கிழார், வழக்கறிஞர் கே. விநாயகம் முதலியோரும் அவ்வட்டாரத்தில் ஆற்றிய பணியை விரிப்பின் இக்கட்டுரை போதாது. முடிவில் எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, ஊரை அலகாகக் கொள்ளுதல், மொழிப் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி ஆகியவையே அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் முந்நூறுக்கு மேற்பட்ட ஊர்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதி, காளத்தி ஆகியன அங்கேயே நின்றன.

(ஏப்ரல் முதல் நாள் திரும்பத் திரும்ப வருதல் கண்டு நகைப்பாரும் உளர். கணக்காண்டு தொடங்கும் நாள் அதுவேயாதலின் எழுத்தர்கட்கு அது நல்ல நாள். வேறு பொருள் காண வேண்டுவதில்லை.)

1952இல் முதன்முறையாக வாக்களித்த திருத்தணி உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு அவர் வாக்கு சென்னைச் சட்டமன்றத்துக்கு. 1955இல் அதே கூடத்தில், அதே மையிட்டு, ஆந்திரச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். 1957இல் சென்னை மாநிலத்தார் பேரவைக்கு வாக்களித்தபோது அவர் வாளாவிருந்தார். 1955இல் அமைந்த ஆந்திரப் பேரவையே 1962 வரை நீண்டது. 1962இல் மீண்டும் சென்னை. உள்ளூர் ஆட்சியிலும் இதே அலைச்சல்தான். 1959 நவம்பரில் ஆந்திரத்தில் பஞ்சாயத்துச் சமிதிகள் தோன்றின. ஐந்து திங்கள் கழித்து அவ்வூர்கள் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகிக்கொண்டிருந்த சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேட்டு உழவர்க்கு இவையெல்லாம் எதிர்த்திசையில் நிகழ்ந்தன. எந்த ஊரிலும் எந்த உழவரிடமும் உமக்கு எப்பக்கம் வேண்டும் என வாக்குப் பெட்டி வைத்துக் கேட்கவில்லை. அவர் தாய்மொழி யாதெனக் கணக்கெடுப்பாளர் 1951இல் எழுதிச் சென்றதே அவர் விடையாகக் கொள்ளப்பட்டது. கோடு நமக்குச் சார்பாக வந்தவிடத்து நாம் மகிழ்ந்தோம், வாராதவிடத்து வருந்தினோம். கேட்கப்படாமையைப் பற்றி இருபுறத்தாரும் மிகுதியாகப் பேசியதாகத் தெரியவில்லை.

மாநிலக் கோடு அவ்வாறு நிலைத்தபின் ஊர்க் கோடுகள் அசையத் தொடங்கின. 1993இல் நடைமுறைக்கு வந்த எழுபத்துநான்காம் அரசியலமைப்புத் திருத்தம், நகரவைக்கு ஐந்தாண்டுக் காலம், அக்காலம் முடியுமுன் தேர்தல், அதற்கெனத் தனி மாநிலத் தேர்தல் ஆணையம் என உறுதி செய்தது. வார்டு எல்லைகளைத் திருத்த வேண்டியுள்ளது என்பது தேர்தலைத் தள்ளிவைக்கத் தக்க காரணமன்று என, அகமதாபாத் மாநகராட்சி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 2006இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் மை உலர்ந்த சில திங்களில், 2007 மார்ச்சு 2இல், திருப்பதி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. முதல் மாமன்றத் தேர்தல் நடந்த ஆண்டு 2021. இடையிற் பதினான்கு ஆண்டுகள். அக்காலமெல்லாம் மாநகராட்சி என்னும் பெயர்ப்பலகை இருந்தது, ஆணையர் இருந்தார், வரிச் சீட்டு வந்தது. மேயர் மட்டும் இல்லை. நாள்தோறும் பல்லாயிரம் அடியார்கள் வந்திறங்கும் ஊர் அது. அவர்கள் விட்டுச் செல்லும் குப்பையை அள்ளுவது முதல் அவர்கட்கு நீர் வழங்குவது வரை அனைத்தையும் அலுவலரே முடிவு செய்தனர். அலுவலர் திறமையற்றோர் என்பது எம் கருத்தன்று. ஆனால் கழிவுநீர் வீட்டுவாயிலில் தேங்கும்போது தெருவினர் கதவைத் தட்டிக் கேட்கத்தக்க ஒருவர் வார்டில் வேண்டும். அவரே அங்கு இல்லை.

கடல் கடந்த நாடொன்றின் நடைமுறையை இங்கு ஒப்புநோக்குதல் பயன் தரும். இலண்டன் மாநகரின் எல்லையை விரித்து முப்பத்திரண்டு பரோக்களாக வகுக்கும் சட்டம் 1963இல் வந்தது. அப்புதிய மன்றங்கட்குத் தேர்தல் 1964 மே திங்களில் நிகழ்ந்தது. அவை ஆட்சிப் பொறுப்பேற்றதோ 1965 ஏப்ரல் முதல் நாள். ஏறத்தாழ பதினொரு திங்கள், பழைய மன்றம் ஊரை ஆள, தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய மன்றம் அருகிருந்து ஆயத்தம் செய்தது. ஆங்கு வாக்கு முன்னே, கோடு பின்னே. ஈழத் தமிழர் பலர் குடியேறிய ஈஸ்ட்ஹாமையும் வெஸ்ட்ஹாமையும் இணைத்த நியூஹாம் இவ்வாறு பிறந்ததே. அண்மையில் அங்கு வார்டு எல்லைகள் திருத்தப்பட்டு, இருபது வார்டுகள் இருபத்துநான்காயின. உறுப்பினர் அறுபதின்மர் அறுபத்தறுவராயினர். உடனே 2022 மேயில் எல்லா இடங்கட்கும் புதுத் தேர்தல். தொழிற்கட்சி 2018இல் அறுபதுக்கு அறுபதும் வென்ற மன்றம் அது. 2022இல் அறுபத்துநான்கு வென்றது. ஒரு கட்சியே பேரளவில் வெல்லுதல் ஒன்றே குறையாகாது என்பதற்கு இதனைக் காட்டினோம்.

சித்தூர், சுற்றுப்புற ஊராட்சிகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாகி, 2014இல் தன் முதல் தேர்தலைக் கண்டது. ஐம்பது வார்டுகள். நேற்றுவரை ஊராட்சித் தலைவரிடம் முறையிட்டு வந்த சிற்றூரார் அன்றுமுதல் நகரத்து வாக்காளராயினர். தெலுங்கு தேசம் மாமன்றத்தைக் கைப்பற்ற, கட்டாரி அனுராதா மேயரானார். 2015 நவம்பர் 17ஆம் நாள் மாநகராட்சி அலுவலகத்திலேயே அவர் படுகொலை செய்யப்பட்டார். சுடவும் வெட்டவும் பட்ட அவர் கணவரும் உயிர் துறந்தார். உள்ளூர்ப் பதவியின்மேல் எத்துணைப் பகை சூழ்ந்து நிற்கக்கூடும் என்பதை அந்நகரம் தன் கண்ணாற் கண்டது.

பின்னர் 2020 மார்ச்சில் இரு நகரங்கட்கும் வேட்புமனுக்கள் பெறப்பட்டன. கொரோனாப் பெருநோய் பரவவே தேர்தல் நின்றது; ஓராண்டு கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வாக்குப்பதிவு 2021 மார்ச்சு 10, எண்ணிக்கை மார்ச்சு 14. சித்தூரின் ஐம்பது வார்டுகளுள் முப்பத்தேழில் போட்டியே இல்லை. அவை அனைத்தும் அன்று ஆண்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கே சென்றன. எஞ்சிய பதின்மூன்றில் மட்டுமே மக்கள் வரிசையில் நின்றனர். முடிவில் அக்கட்சிக்கு நாற்பத்தாறு. திருப்பதியில் இருபதுக்கு மேற்பட்ட வார்டுகள் போட்டியின்றி முடிந்தன; ஏழாம் வார்டில், வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றதாகக் காட்டியது போலி என்னும் புகாரால் தேர்தல் நிறுத்தப்பட்டது. மற்ற நாற்பத்தொன்பதில் நாற்பத்தெட்டு ஆளுங்கட்சிக்கு. எதிர்க்கட்சியினர் அச்சுறுத்தல் என்றனர். ஆளுங்கட்சியினர் மக்கள் ஆதரவு என்றனர். அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. பதினான்கு ஆண்டு காத்திருந்து வந்த தேர்தல் நாளில், தம் வார்டில் வாக்குச்சாவடியே திறவாதிருந்த திருப்பதி வாக்காளரை மட்டும் நினைக்கிறோம். நியூஹாமில் அறுபதுக்கு அறுபது வந்தபோதும் ஒவ்வொரு வார்டிலும் பெட்டி இருந்தது. உத்திரமேரூரில் ஒவ்வொரு குடும்புக்கும் ஓலை இருந்தது.

சித்தூர் மேயராக அமுதா என்னும் பெயருடைய அம்மையாரும், திருப்பதி மேயராக மருத்துவர் சிரீஷாவும் பொறுப்பேற்றனர். தெலுங்கு வழங்கும் மாமன்றத்தின் தலைமையில் அமுதா என்னும் பெயரைக் கண்டு நம்மவர் சிலர் அகமகிழ்ந்தனர். அதில் பிழையில்லை, 1911க்கு முந்தைய வட ஆர்க்காட்டின் நிழல் அவ்வூரில் இன்னும் முற்றும் மறையவில்லை.

கோடோ ஓய்ந்தபாடில்லை. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தினின்றும் நெல்லூர் மாவட்டத்தினின்றும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமாக்கப்பட்டது. அன்று சென்னையினின்றும் சென்ற சத்தியவேடும் இப்புதிய மாவட்டத்திற் சேர்ந்தது. ஆயினும் 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சித்தூர் மாவட்டப் பரிஷத்து பிரிக்கப்படாமல் பழைய எல்லையிலேயே தொடர்ந்தது. மாவட்ட ஆட்சியர் மூவர், பரிஷத்து ஒன்று என்னும் நிலை. ஈண்டுக் கோடு மாறியும் மக்கள் தேர்ந்த அவை கலையாது நின்றது. இவ்வட்டாரத்து வரலாற்றில் இஃது அரிது.

2024இல் மாநில ஆட்சி கைமாறிற்று. 2025 பிப்ரவரியில் திருப்பதித் துணைமேயர் பதவிக்கு மாமன்றத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது தெலுங்கு தேசத்தவர் இருபத்தாறு வாக்குப் பெற்றார், எதிர்த்தவர் இருபத்தொன்று. 2021இல் நாற்பத்தெட்டு இடம் வென்ற கட்சியின் வேட்பாளரே அங்குத் தோற்றவர். இடையில் நகரத்து வாக்காளர் எவரும் பொதுத் தேர்தலில் புதிய மாமன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை.