குடியரசுத் தலைவர் உரைக்கு அண்ணாவின் மறுமொழியும் சிதம்பரமும் (1962–1968)

குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தில் வாசிப்பது அரசு எழுதிக் கொடுக்கும் உரை. அதற்கு நன்றி கூறும் தீர்மானத்தின் மீதான விவாதத்தில்தான் எதிர்க்கட்சி தன் மறுமொழியைச் சொல்ல முடியும். அமெரிக்காவில் 1966 முதல் எதிர்க்கட்சி தொலைக்காட்சி வழியே மக்களிடம் நேராகவே பதில் சொல்லி வருகிறது. இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே இங்கே அவையில் ஒலித்த மறுமொழி மக்களை எப்படி அடைந்தது, மக்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை அவைக்குறிப்பில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஊர்களிலும் தேட வேண்டும். சிதம்பரம் அப்படித் தேட வேண்டிய ஊர்.

1962 தேர்தலில் திமுக சட்டமன்றத்தில் 50 இடங்களை வென்றது. காஞ்சிபுரத்தில் கட்சியின் நிறுவனர் அண்ணா தோற்றார். சிதம்பரம் அடங்கிய தென்னார்க்காடு மாவட்டமும் இரண்டுபட்டு நின்றது. கடலூர் மக்களவைத் தொகுதி திமுகவுக்குப் போனது, சிதம்பரம் காங்கிரசிடமே இருந்தது. தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குச் சென்றார். இராஜேந்திர பிரசாத் ஆற்றிய உரைக்கான நன்றித் தீர்மானத்தின் மீது, 1962 மே 1 அன்று, அவர் தம் முதல் பேச்சை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். திராவிட இனத்தவன் என்று தம்மை அறிவித்துக்கொண்டு திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார். பிறர்மீது பகையால் கேட்கவில்லை என்றும் சொன்னார். பேச்சினூடே குறுக்கீடுகள் எழுந்தன.

தில்லியின் எதிர்வினை சட்டமாக வந்தது. தேசிய ஒருமைப்பாடு, வட்டார உணர்வு ஆகியவற்றை ஆராய அமைந்த குழுவுக்கு சர் சி. பி. இராமசுவாமி ஐயர் தலைவர். சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர் அவர். 1963இல் 16ஆவது அரசியல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் திமுக பிரிவினைப் பேச்சை நிறுத்திவைத்தது, அடுத்த ஆண்டு கோரிக்கையையே கைவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த மறுமொழி அத்தோடு முடிந்துவிட்டது.

முடியவில்லை என்பதே என் கருத்து. தில்லிப் பேச்சு அக்காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தது கட்சி ஏடுகள் வழியாகவும் பொதுக்கூட்ட மேடைகள் வழியாகவும்தான். சிதம்பரத்தில் அதைக் கேட்கப் பழகிய காதுகள் முன்பே இருந்தன. திமுக தலைவர்களான நெடுஞ்செழியனும் அன்பழகனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அண்ணாவே அங்கு வந்து மாணவர்களிடையே பேசியிருக்கிறார். தெற்கு தேய்கிறது என்ற திமுகவின் பொருளாதார முறையீடு இம்மாவட்டத்தில் அவ்வளவாக வேர் பிடித்திருக்காது என்று எண்ணுகிறேன். ஏனெனில் இம்மாவட்டத்திலேயே உள்ள நடுவணரசின் நெய்வேலி அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதும் அதே 1962இல்தான். தனிநாட்டுக் கோரிக்கையும் போய்விட்டது. எஞ்சி நின்றது சமமாக நடத்துங்கள் என்ற கேள்வி. அது மொழியில் வந்து குவிந்தது.

1963இன் ஆட்சிமொழிச் சட்டம், 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்றதே தவிர, தொடரும் என்று உறுதி சொல்லவில்லை. இந்தி ஆட்சிமொழியாகும் 1965 சனவரி 26ஐத் துக்க நாளாகத் திமுக அறிவித்தது. அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். ஆனாலும் போராட்டம் ஓயவில்லை, மாணவர் கைக்கு மாறியது. சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாகத் திரண்டபோது காவல்துறை சுட்டது. மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த வேளையில் விழுந்த உயிர் அது. அந்த நாளைக் கட்சி வரலாற்றின் ஒரு பக்கமாக மட்டும் எழுதிவிடுவது அந்த மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. அண்ணா அவையில் சொன்னதைத் தங்கள் சொந்த வழக்காக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், கட்சியின் ஆணைக்குக் காத்திராமல்.

பிப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றே பிரதமர் சாஸ்திரி வானொலியில், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு தந்த வாக்குறுதி காக்கப்படும் என்றார். அதே மாதம் நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் ஆற்றிய உரையிலும் அந்த உறுதி இடம்பெற்றது. உரையாற்றிய இராதாகிருஷ்ணன், 1962இல் அண்ணா பேசியபோது மாநிலங்களவையின் தலைவராக இருந்தவர். மூன்றாண்டுக்கு முன் குறுக்கீட்டுக்கு ஆளான மறுமொழியின் ஒரு பகுதி இப்படி அரசின் உரைக்குள்ளேயே நுழைந்தது. சட்டமாக அது உறுதிப்பட்டது ஆட்சிமொழிச் சட்டத்தின் 1967 திருத்தத்தில்.

அதே 1967 தேர்தலில் சிதம்பரம் மக்களவைத் தொகுதியைத் திமுக வென்றது, அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற அவர் சிதம்பரம் வந்தார். 1968இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.